சித்திரை விடுமுறையும் பள்ளி நூலக அலமாரியும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் பண்டிகைக்கும் புத்தகத்துக்கும் உரிய நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. டென்மார்க் தேசத்துக் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2-ஆம் தேதி, 1967-ஆம் ஆண்டு முதல் சர்வதேசச் சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அதுவே, தம்முடைய பெரும் நூற்சேகரத்துக்கு இடம் வேண்டிப் பம்பாய் தாதரில் ராஜகிருஹம் என்னும் இல்லத்தைக் கட்டிய அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளும் ஆகும். ஏப்ரல் 23-ஐ, ரோஜா மலரையும் புத்தகத்தையும் ஒருவருக்கொருவர் பரிசளிக்கும் கட்டலோனிய மக்களின் வழக்கத்தை அடியொற்றி, யுனெஸ்கோ ஸ்தாபனம் 1995-இல் உலகப் புத்தக தினமாக அறிவித்தது. இத்தனை சுபதினங்கள் கூடிய அந்த மாதத்திலேதான் நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் புத்தக அலமாரி பூட்டப்படுகிறது. ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். சாவி தலைமையாசிரியையின் மேஜை இழுப்பறைக்குப் போகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வரையில் அது வெளியே வருவதில்லை. ஏன் இப்படி நேர்கிறது, இதை மாற்றுவதற்கு வழி என்ன என்பதே இங்கே விளக்க வேண்டிய விஷயம்.

வசந்த காலத்துக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் வழக்கமே விடை சொல்லும். சித்திரை முதல் நாளன்று கோயிலிலோ பொதுவிடத்திலோ புது வருஷத்துப் பஞ்சாங்கத்தை ஒருவர் உரக்க வாசிக்க, மழை எத்தனை, விளைச்சல் எப்படி என்று ஊரார் கூடியிருந்து கேட்பது நெடுங்காலமாக நிலவிவரும் ஆசாரம். தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில், அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்து கிடக்கும் வேனிற்காலத்தில், பகலில் பாரதத்தை வாசித்து ஒருவர் பொருள் சொல்ல, எழுத்தறியாத உழவரும் அவர் மக்களும் உட்கார்ந்து கேட்டு, அதே கதையை இரவில் கூத்தாகக் கண்டார்கள், இன்றும் காண்கிறார்கள். நவராத்திரியின்போது சரஸ்வதி பூஜையன்று நூல்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஒரு நாள் அவற்றைப் படிக்காமல் வணங்குகிறோம். இளவேனிலிலோ நூலைத் திறந்து பலர் கேட்கப் படிப்பதே நம் மரபாக இருந்திருக்கிறது. ஆகவே புத்தாண்டையொட்டித் தொடக்கப் பள்ளி நூலகத்தில் வாசிப்பு விழா ஒன்று நடத்துவது, வெளிதேசத்திலிருந்து தருவித்த சடங்கு ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

சென்னை நகரில் இதை எண்ணிப் பார்ப்பதற்குச் சிந்தாதிரிப்பேட்டை மிகவும் பொருத்தமான இடம். கூவம் ஆறு வளைந்து செல்லும் வளைவுக்குள், 1734-ஆம் ஆண்டளவில், கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் துணி வியாபாரத்தின் பொருட்டு நெசவாளரைக் குடியேற்றி அமைத்த பேட்டை அது. இன்று அங்கே தறியோசை இல்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் ஆதிபுரீசுவரர் கோயிலையும் சுற்றியுள்ள தெருக்களில் கடைகளும் பட்டறைகளும் நெருங்கி நிற்க, அவற்றின் பின்கட்டிலும் மாடியிலும் ஒற்றை அறைக் குடித்தனங்கள் பல இருக்கின்றன. சித்திரை வெயில் தளத்தின் வழியே உள்ளிறங்கும் அந்த அறைகளில், தாயும் தகப்பனும் வேலைக்குச் சென்றபின், பள்ளி விடுமுறையில் இருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்குப் பகற்பொழுது மிக நீளமானது. மே தினப் பூங்காவின் மரநிழல் சற்று நேரம் உதவும். கைப்பேசி மிச்ச நேரத்தை விழுங்கிவிடும். அந்த நீண்ட பகலில் கையில் மூன்று கதைப் புத்தகங்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதை யூகத்துக்கு விட்டுவிட வேண்டியதில்லை. ஆராய்ச்சி செய்தே கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க நாட்டுச் சமூகவியலறிஞர் பார்பரா ஹெய்ன்ஸ், அட்லாண்டா நகரத்துப் பள்ளி மாணவர்களைப் பள்ளி நடக்கும் மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் தனித்தனியே ஆராய்ந்து, 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளி நடக்கும் காலத்தில் ஏழைக் குழந்தைகளும் வசதியுள்ள குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறுகிறார்கள் என்பதும், அவர்களிடையே உள்ள இடைவெளி பெரிதாவது பெரும்பாலும் விடுமுறையிலேதான் என்பதும் அவர் கண்ட உண்மைகள். அந்த விடுமுறையில் 6 புத்தகங்களுக்குக் குறையாமல் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்றும், வீட்டருகே பொதுநூலகம் இருந்து அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த நன்மை கூடுதலாகக் கிட்டியது என்றும் அவர் எழுதினார். அவர் ஆராய்ந்தவர்கள் நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஓரிரு வயது மூத்தவர்கள். தேசமும் வேறு, பாஷையும் வேறு. ஆயினும், படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை படிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் இருந்தால், எழுத்துக்கூட்டி வாசித்த பழக்கம் மங்கிப்போகும் என்பதை ஜூன் மாதத்து முதல் வாரத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

விடுமுறையிலும் நூலகம் பயன்பட வேண்டும் என்னும் கொள்கை சிந்தாதிரிப்பேட்டைக்குத் தொலைவான சரக்கு அன்று. கூவத்தைக் கடந்தால் எழும்பூர். அங்கே பாந்தியன் சாலையில் 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்திலேதான் இயங்கியது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்று, பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, சிறுவர் நூலகங்களைப் பற்றித் தனி நூலே எழுதியவரும் கிராய்டன் நகர நூலகத்தின் தலைவருமான பெர்விக் சேயர்ஸிடம் பாடம் கேட்டார். திரும்பி வந்து, வருஷத்தின் எல்லா நாளும், ஞாயிறும் பண்டிகையும் உட்பட, பல்கலைக்கழக நூலகத்தைத் திறந்துவைத்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, புத்தகம் பயன்பாட்டுக்கே உரியது என்பது. மத்திய கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வரலாற்றைச் சொல்லித்தான் அந்த விதியை அவர் விளக்கப் புகுந்தார். அதே 1931-ஆம் வருஷம், மன்னார்குடிக்கருகே மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை, மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1948-இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியதற்கு ரங்கநாதனின் உழைப்பே பிரதான காரணம். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் இன்று நூலக வரி வசூலாகிறது. சிந்தாதிரிப்பேட்டையில் வீடும் கடையும் உடையவர் ஒவ்வொருவரும் இதைச் செலுத்துகிறார்.

இனிப் பள்ளிக்குள் வருவோம். ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாளும் பத்திரிகையும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகம் இருத்தல் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் நூலகம் என்றால் தனி அறை என்று பொருள் கொள்ளக்கூடாது. ஓர் இரும்பு பீரோ, அதன் உள்ளே ஊதா முத்திரை இட்ட சில நூறு புத்தகங்கள், அவ்வளவே. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 13-ஐத் தேர்ந்து 2003-இல் செயல்வழிக் கற்றல் முறை ஆரம்பமாகி, பின்னர் மாநிலம் முழுதும் பரவியபோது, வகுப்பறையின் உருவமே மாறிற்று. கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது. ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில் கதைப் புத்தகங்கள் பீரோவை விட்டு வகுப்பறைக்குள் வந்தன. 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்னும் நான்கு படிகளில் சின்னஞ்சிறு கதை நூல்களை வெளியிட்டிருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ‘ஊஞ்சல்’ என்ற இதழும் வருகிறது.

இவ்வகைச் சிறு நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பதினாறு பக்கம், நடுவில் இரண்டு கம்பித் தையல், முதுகு என்று ஒன்று கிடையாது. இதை அலமாரியில் நிறுத்தி அடுக்கினால் தையல் ஓரம் மட்டுமே தெரியும். பெயரும் தெரியாது, படமும் தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியைகள், ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரையில் குழந்தையின் கண்மட்டத்தில் கயிறு கட்டி, அட்டை தெரியும்படி புத்தகங்களைத் தொங்கவிடுகிறார்கள். எழுத்து இன்னும் கைவராத குழந்தை யானைப் படத்தைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்கும். தலைகீழாகப் பிடித்துப் புரட்டிவிட்டு மாட்டிவிடும். மறுநாளும் அதையே எடுக்கும். மூன்றாம் முறை எடுக்கும்போது, ‘யானை’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கும். பீரோவுக்குள் இருக்கும் புத்தகத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

வாசிப்பு விழாவையும் இந்தக் கயிற்றின் கீழேயே வைத்துக்கொள்ளலாம். பேச்சுப் போட்டி, மாறுவேடம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை என்று ஒரு முற்பகலைச் செலவழித்துவிட்டு, ஒரு குழந்தையும் ஒரு பக்கமும் படிக்காமல் கலைந்துபோகும் விழாக்களால் பிரயோஜனம் சொற்பம். ஆசிரியை ஒரு கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கட்டும். வேப்பம்பூப் பச்சடியைப் பற்றியோ மாம்பழத்தைப் பற்றியோ தன் வீட்டுப் பாட்டி சொன்னதைப் பிள்ளைகளில் ஒருவர் சொல்லட்டும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் வகுப்புப் பையனுக்கு மடியில் வைத்துப் படித்துக் காட்டட்டும். ரமலானையும் ஈஸ்டரையும் யுகாதியையும் கொண்டாடும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பேட்டையில், அவரவர் பண்டிகைக் கதையை அவரவரே சொல்லக் கேட்பது தனி இன்பம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவிய காலந்தொட்டு, வாய்விட்டுப் படிப்பதற்கு ஏற்ற பாட்டும் கதையும் தமிழில் ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரையில் 10 தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி கிடைத்தால், அதிலுள்ள படங்களைக் கொண்டே ஒரு பிற்பகலை நடத்திவிடலாம்.

விழாவின் முக்கியமான காரியம் அதன் முடிவில் நடைபெற வேண்டியது: ஒவ்வொரு குழந்தையும் தானே தேர்ந்த மூன்று புத்தகங்களோடு வீட்டுக்குப் போக வேண்டும். இங்கேதான் பள்ளி தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை அசிரத்தை என்று சொல்வது அநியாயம். இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் இட்ட புத்தகம் ஒன்று குறைந்தால், தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே. மாதச் சம்பளத்திலிருந்து பணம் கட்ட நேருமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. பூட்டி வைத்த புத்தகம் தொலைவதில்லை. ஆகவே பூட்டுவதே க்ஷேமம் என்று அவர் கருதினால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நூலகத்தில் நஷ்டம் இயல்பே என்பதை நிதி விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, வருஷத்தில் வழங்கப்படும் 1000 நூல்களுக்கு 5 நூல் தொலைவது நியாயமான நஷ்டமே. நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரையில் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். 200 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைக்கு மூன்று வீதம் 600 புத்தகங்களைக் கொடுத்தால், அந்த விகிதப்படி மூன்று தொலையலாம். கம்பித் தையல் போட்ட சிறு நூல் மூன்றின் விலை எவ்வளவு பெரிதாகிவிடும்? இந்த விதி மாநிலப் பள்ளிகளைத் தானாகவே கட்டுப்படுத்துவது அன்று. ஆயினும் இதே நியாயத்தைப் பின்பற்றி, கல்வித் துறையும் மாநகராட்சியும் மார்ச் மாதத்திலேயே ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பலாம். விடுமுறைக்காகக் குழந்தையிடம் கொடுத்த புத்தகம் இருப்பில் உள்ளதாகவே கருதப்படும் என்றும், இருப்புச் சரிபார்ப்பு ஏப்ரலுக்குப் பதிலாக ஜூன் மாதக் கடைசியில் நடைபெறும் என்றும், கிழிந்தும் தொலைந்தும் போனவற்றுக்கு ஆசிரியர் ஜவாப்தாரி அல்லர் என்றும் மூன்று வாக்கியங்கள் அதில் இருந்தால் போதும். பள்ளியில் வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு: குழந்தையின் பெயர், வகுப்பு, புத்தகத்தின் பெயர், கொண்டுபோன தேதி, திரும்பிய தேதி. மூன்றையும் படித்து முடித்துவிட்ட பிள்ளையைப் பெற்றோர் அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். கன்னிமாராவின் சிறுவர் பகுதியும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது.