சின்லோன்
சின்லோன் என்பது மியான்மர் (பர்மா) நாட்டின் மரபுவழிப் பந்து விளையாட்டு ஆகும். பிரம்பால் பின்னிய பந்தை ஆறு பேர் வட்டமாக நடந்தபடி, கையால் தொடாமல், பாதம், குதிகால், முழங்கால் ஆகியவற்றால் தட்டித் தரையில் விழாமல் காப்பர். நடுவில் இருப்பவர் நடன அசைவுகளுடன் ஆட, மற்றவர்கள் பந்தை அவருக்கே திருப்பித் தருவர். எதிரணி இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. அழகாக ஆடுவதே நோக்கம். முதுகுக்குப் பின்னால் வரும் பந்தைப் பாராமலே உள்ளங்காலால் தட்டுவது மிகக் கடினமான அடிகளுள் ஒன்று.

இன்றைய ஃப்ரீஸ்டைல் கால்பந்திலும் கோல் கம்பம் இல்லை. பந்தை விழவிடாமல் வித்தை காட்டுவதே ஆட்டம். ஆனால் அங்கு நடுவர்கள் வெற்றியாளரைத் தேர்வர். 2013-இல் மியான்மரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் சேர்க்கப்பட்டபோது சின்லோனிலும் மதிப்பெண்ணும் பதக்கமும் வழங்கப்பட்டன. கோயில் திருவிழாக்களில் இன்றும் இசைக்கு ஏற்பப் பழையபடியே ஆடுகின்றனர்.