யானைக்குத் தீனி

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கிள்ளானுக்குச் சென்று படிக்கும் மாணவருக்குச் சொந்த வாகனம் கைகொடுக்கும். பழைய சொகுசு மகிழுந்து மலிவாகக் கிடைத்தால் ஆசை எழுவது இயல்பே. ஆனால், யானையை வாங்குவதைவிடத் தீனி போடுவதே கடினம்.

தீபகற்ப மலேசியாவில் பெட்ரோலில் ஓடும் சொந்த மகிழுந்தின் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. வண்டி பழையதானாலும் குறையாது. 1,000 சி.சி. மகிழுந்துக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 2,500 சி.சி.க்கு 880 ரிங்கிட், 3,000 சி.சி.க்கு 2,130 ரிங்கிட். உதிரிபாகங்களின் விலையும் அவ்வாறே அதிகம்.

எனவே, வாங்குவதற்கு முன்பே சாலை வரி, காப்புறுதி, எண்ணெய் மாற்றம், டயர், மின்கலம் ஆகியவற்றின் ஓராண்டுச் செலவைக் கூட்டி 12ஆல் வகுக்க வேண்டும். திடீர்ப் பழுதுக்கும் ஒரு தொகையைச் சேர்த்து, மாதந்தோறும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அது இயலாதெனில் சிறிய மகிழுந்தே ஏற்றது. இல்லையேல், படிப்புக்கு வாங்கிய கடன் பட்டறைக்குப் போய்விடும்.