சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

அண்ணன் மகன் போன வாரம் லேப்டாப்பும் கையுமாக வந்தான். கல்லூரியில் எம்.பி.ஏ. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். தொழில் நடத்துகிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குமாக 12 வார ஆன்லைன் நிர்வாக வகுப்பு ஒன்றை இப்போது அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். “சித்தப்பா, மொத வகுப்புக்கு 72 ஸ்லைடு போட்டுட்டேன். சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பம். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்றான்.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, “திருப்பூர்க்காரங்க எத்தனை பேரு?” என்றேன். பாதிக்கு மேல் என்றான். அப்படியானால் சனிக்கிழமை ஆகாது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பத்துப் பவர்டேபிள் தையல் இயந்திரம் வைத்திருப்பவர் அன்று பொழுது சாயும்வரை பணம் புரட்டிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் கொடுத்து முடித்து வீடு வந்து சேரும்போது அவருக்குச் சோறே இறங்காது, நிர்வாகவியல் எங்கே இறங்கும்? ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வை என்றேன். கறி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முகூர்த்த நாளாக இருந்தால் அதுவும் கிடையாது.

பாடத்தைக் கேட்டால் கிழமையைப் பேசுகிறாரே என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அந்தச் சனிக்கிழமைப் புரட்டல்தான் முதல் பாடமே என்பதைச் சொல்ல எனக்கு இன்னொரு டம்ளர் டீ தேவைப்பட்டது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் ஆன்லைன் வகுப்பை இப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வகுப்பு ஹென்றி ஃபயோல். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று ஒன்றரை மணி நேரம் கேமரா அணைந்த 23 கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசினேன். ஃபயோலைக் குறை சொல்ல முடியாது. 1888-ல் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பிரெஞ்சுச் சுரங்க நிறுவனத்தைக் கையில் வாங்கி நிமிர்த்தியவர். பட்டதையெல்லாம் 1916-ல், தன் 75-ஆம் வயதில் புத்தகமாக வெளியிட்டார். அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடத்திலிருந்து நான் தொடங்கினேன், அதுதான் கோளாறு.

வகுப்பு முடியும் நேரத்தில் ஒரே ஒரு மைக் திறந்தது. பின்னால் தையல் இயந்திரச் சத்தம். “சார், இந்த ரொட்டேஷன் பத்தி எப்பங்க சொல்லுவீங்க?” ஒன்பதாவது வாரத்தில் நடைமுறை மூலதனம் வருகிறது, அப்போது பார்க்கலாம் என்றேன். ஒன்பதாவது வாரத்தில் அவர் இல்லை.

ரொட்டேஷன் என்பது எந்தப் பாடநூலிலும் இருக்காது. ஆனால் தொழில் செய்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், “பணம் ரொட்டேஷன் ஆக மாட்டேங்குது” என்பார்கள். போட்ட பணம் சரக்காகி, சரக்கு பில்லாகி, பில் மறுபடி பணமாகக் கைக்கு வரும் சுற்று அது. நாங்கள் வங்கியில் இதைச் சுற்றுக்காலம் என்று எழுதி வைத்தோம். பெயர் எங்களுடையது, வலி அவர்களுடையது. அடுத்த அணிக்கு முதல் வகுப்பே ரொட்டேஷன் என்று மாற்றினேன்.

அண்ணன் மகனுக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒரு சின்ன பனியன் யூனிட், வருடத்துக்கு 73 லட்சம் விற்பனை என்று வைத்துக்கொள். 365-ஆல் வகுத்தால் நாளைக்கு 20,000. அதில் செலவு 18,000, மிச்சம் 2,000. வருட லாபம் 7,30,000. காகிதத்தில் நல்ல தொழில்தான். இப்போது நாட்களை எண்ணு. நூல் வாங்கியதிலிருந்து சரக்கு வெளியே போகும்வரை 30 நாள். பில் போட்டுப் பணம் வர 75 நாள். நூல்காரர் நமக்குக் கொடுக்கும் தவணை 20 நாள். 30-ஐயும் 75-ஐயும் கூட்டி 20-ஐக் கழித்தால் 85 நாள். ஒவ்வொரு நாளும் 18,000 உள்ளே போகிறது, 85 நாள் திரும்பி வருவதில்லை. தோராயமாக 15,30,000 ரூபாய் எந்நேரமும் சுற்றிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை மாதம் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால் வருடத்துக்கு 3,67,200. லாபத்தில் பாதி அங்கேயே போயிற்று.

“இப்ப ஆர்டர் ரெண்டு மடங்காச்சுன்னு வை” என்றேன். லாபம் 14,60,000 ஆகும் என்று உடனே சொன்னான். ஆகும். ஆனால் சுற்றில் மாட்டும் பணமும் இரட்டிக்கும். கூடுதலாக 15,30,000 வேண்டும். ஒரு வருட லாபத்தை ஒரு பைசா எடுக்காமல் அப்படியே போட்டாலும் 70,000 குறைகிறது. அதுவும் லாபம் வருடக் கடைசியில்தான் முழுசாகச் சேரும். சம்பளமோ முதல் சனிக்கிழமையே கேட்கும். நஷ்டத்தில் மூடிய கம்பெனிகளை எல்லோருக்கும் தெரியும். பெரிய ஆர்டர் வந்ததனால் மூடிய கம்பெனிகளை என் வங்கி மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இதை வகுப்பில் நான் சொல்வதில்லை. அவர்களையே எண்ண வைக்கிறேன். இங்கேதான் ஆன்லைனின் ஒரு நெளிவு இருக்கிறது. ஒரே வகுப்பில் ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியும் இருப்பார், அவருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவரும் இருப்பார். கேமராவை அணைத்துவிட்டால் யார் இருக்கிறார் என்றே தெரியாது. அந்த இடத்தில் போய் விற்பனை எவ்வளவு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் வருமான வரிக்காரருக்குச் சொல்லும் தொகையைத்தான் சொல்வார்கள். நாளைக் கேள். ரூபாய் சொல்லத்தான் கூச்சம், நாள் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. “கடைசியா பணம் வந்த பில்லு, போட்டு எத்தனை நாள்ல வந்துச்சு?” சாட்டில் எண்ணை அடிக்கச் சொல்லு, நான் மூன்று எண்ணும்வரை யாரும் அனுப்பக் கூடாது என்று சொல்லு. எண்ணி முடித்ததும் 40, 92, 65, 120, 78 என்று மடமடவென்று விழும். அந்த நிமிடத்தில் கறுப்புக் கட்டங்களுக்கு உயிர் வரும். 40 போட்டவரைப் பார்த்து, “எப்படிங்க?” என்று 120 போட்டவர் கேட்பார். நீ கேட்க வேண்டியதில்லை.

ஹார்வர்டு வணிகப் பள்ளி 2015-ல் பாஸ்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குள் இணைய வகுப்பறை ஒன்றை அமைத்தது. ஆசிரியருக்கு எதிரே வளைந்த திரைச்சுவர், அதில் 60 பேருடைய முகம். கைநிறையக் காசுள்ள இடம்; காசைப் போட்டது மாணவர் முகம் ஆசிரியருக்குத் தெரிவதற்காக. நமக்குச் சுவர் கிடையாது, சாட் இருக்கிறது.

‘ஆண்ட்ரகாஜி’ பற்றி ஒரு ஸ்லைடு இருக்கிறது என்றான். இருக்கட்டும். பெரியவர்களின் கல்வி என்ற பொருளில் அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1833-ல் உருவாக்கிய சொல். அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ் 1970-ல் எழுதிய புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே அதைக் குழந்தைக் கல்விக்கு எதிராக நிறுத்தினார். 1980 பதிப்பில் அந்த ‘எதிராக’ போய்விட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வது என்று மாற்றிவிட்டார். பத்து வருடத்தில் தன் தலைப்பைத் திருத்தத் துணிந்தவரை எனக்குப் பிடிக்கும். வயதால் மட்டும் ஒருவர் தானே கற்றுக்கொள்ளத் தயாராகிவிடுவதில்லை. 50 வயது முதலாளி கணக்கு என்றதும் ஏழாம் வகுப்புப் பையனாகி, “நீங்களே போட்டுருங்க சார்” என்பார். அங்கே கையைப் பிடித்துத்தான் எழுத வைக்க வேண்டும்.

ரெக்கார்டிங் கேட்பார்கள். கொடு, ஆனால் அதை நம்பாதே. 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதனால் நான் புதன்கிழமை வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போடுவேன்: போன வாரத்து 85 நாள் எப்படி வந்தது, பார்க்காமல் குரல் பதிவில் சொல்லுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே பேசி அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சேர்த்துப் போடுவேன். அப்படியும் அனுப்புகிறார்கள்.

“நீங்க கேட்டதுக்கு அவங்க எதிர்க்கேள்வி கேட்டா?” என்றான். கேட்பார்கள். 45 நாள் சட்டத்தைச் சொல்லிப் பார். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 கணக்காண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டினால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நான் இதைப் பெருமையாகச் சொல்லி முடித்தபோது ஓர் அம்மா, “சட்டம் எங்களுக்கும் தெரியுங்க சார். கேட்டா பணம் வரும், அடுத்த ஆர்டர் வராதுங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவருடைய நான்கு பார்ட்டிகளில் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்று மீதி அரை மணி நேரம் வகுப்பே சேர்ந்து பிரித்தது. மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆளிடம் வைத்திருந்தால் சட்டம் பேச முடியாது என்ற இடத்துக்கு அவர்களே வந்தார்கள். பேரம் பேசும் வலு என்று பாடநூலில் அதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. பெயரைக் கடைசியில் சொன்னேன்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது பி.பி.சி.யில் பாடம் ஒளிபரப்பானதுதான் பேசப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, மாணவர் தபாலில் அனுப்பிய பயிற்சித்தாளில் ஒரு டியூட்டர் உட்கார்ந்து கைப்பட எழுதித் திருப்பி அனுப்பியது. புதன்கிழமைக் கேள்விக்கு 23 பேர் அனுப்பும் குரல் பதிவுகளைக் கேட்டுப் பதில் சொல்ல எனக்கு வாரத்துக்கு ஒரு முழுச் சாயங்காலம் போகிறது. இந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை.

அதைச் சொன்னதும்தான் ஞாபகம் வந்தது. “உனக்கு இந்த வகுப்புக்கு எப்படா பணம்?” என்றேன்.

“வகுப்பு முடிஞ்சு 60 நாள்ல தர்றதாச் சொல்லியிருக்காங்க.”

“வகுப்பு எத்தனை நாளு?”

“12 வாரம்னா 84…” என்று தொடங்கியவன் நிறுத்தினான். லேப்டாப்பை மூடிவிட்டு, நான் கணக்குப் போட்ட காகிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். “இடையில நெட் பில்லு வேற இருக்கு சித்தப்பா” என்றான். நான் டீயைச் சூடு பண்ண உள்ளே போனேன்.