ஊற்று நீராடப் புறப்படும் குடும்பங்களுக்கு

நம் நாட்டில் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருகின்றன. ஆயினும் பிள்ளைகளுக்குக் கோடை உண்டு. பள்ளி விடுமுறைதான் அது. விடுமுறை தொடங்கியதும் தோட்டத்து வீடுகளில் எழும் கேள்வி "எங்கே போகலாம்?" என்பதாகும். அதிகச் செலவின்றி, அரை நாள் பயணத்தில் குடும்பம் முழுவதும் களித்துத் திரும்பத்தக்க இடங்களுள் வெந்நீர் ஊற்றுகளும் மலையடிவார நீரோடைகளும் முதன்மையானவை. இன்று பெரும்பாலும் இளைஞர்களே மோட்டார் சைக்கிள்களில் இவ்விடங்களுக்குச் சென்று வருகின்றனர். தாய்மாரும் பாட்டிமாரும் வீட்டோடு இருந்துவிடுகின்றனர். இது மாற வேண்டும் என்பதே நம் எண்ணம். வெளிக்காட்டில் உழைக்கும் பெண்ணுக்கும் ஒரு நாள் நீராட உரிமை உண்டு. அன்றியும், பெரியவர்கள் உடனிருக்கும் இடத்தில் பிள்ளைகளின் துடுக்குத்தனம் அடங்கியே நிற்கும்.

செல்லும் இடத்தின் பெயரையே முதலில் கவனிப்போம். மலாய்ப் பெயர்கள் பெரும்பாலும் அவ்விடத்து நீரின் இயல்பைச் சொல்லிவிடும். 'ஆயர் பானாஸ்' என்றால் வெந்நீர். 'லாத்தா' என்பது பாறைப் படிகளில் விழும் அருவி. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையோரத்து லாத்தா இஸ்கண்டார் அவ்வகையினது. 'ஜெராம்' என்பது பாறைகளுக்கிடையே விரைந்தோடும் நீர். 'லுபோக்' என்பதோ ஆற்றின் ஆழமான மடு. மேற்பரப்பு அசைவின்றித் தெளிந்து கிடப்பதால் பிள்ளைகள் விரும்பி இறங்கும் இடமும் அதுவே. கால் எட்டாத இடமும் அதுவே.

வெந்நீர் ஊற்று என்றதும் அடியில் எரிமலை இருக்கும் என்று எண்ணுவோர் உளர். மேற்கு மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஏதும் இல்லை. மலையில் பெய்த மழைநீர் கருங்கல் பாறைகளின் வெடிப்புகள் வழியே மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை உயரும். அந்த ஆழத்தில் சூடேறிய நீர், வேறொரு வெடிப்பைப் பற்றிக்கொண்டு விரைந்து மேலெழுந்து, வழியில் ஆறுவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடுகிறது. அதனால்தான் நம் ஊற்றுகளுள் பல தித்திவங்சா மலைத்தொடரையும் அதன் அருகிலுள்ள கருங்கல் நிலங்களையும் ஒட்டிக் காணப்படுகின்றன. சிலாங்கூரில் செலாயாங், நெகிரி செம்பிலானில் பெடாஸ், மலாக்காவில் காடேக், பேராக்கில் சுங்காய்க்கு அருகிலுள்ள சுங்கை கிளா ஆகியவை பலரும் அறிந்தவை. நீரில் கந்தக வாயு கலந்திருந்தால் அழுகிய முட்டையின் வாடை வீசும். மணத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் செம்பவாங் ஊற்றும் இவ்வாறு ஆழத்தில் சூடேறிய நீரே. 1909இல் அறியப்பட்ட அந்த ஊற்று, 2020இல் பூங்காவாகப் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அங்கு நீர் ஏறத்தாழ 70 பாகைச் சூட்டில் வெளிப்படுவதால், படிப்படியாக ஆறவிட்ட பிறகே மக்கள் கால் நனைக்கின்றனர்.

இந்த 'ஆறவிடுதல்' என்பதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சுங்கை கிளாவில் முட்டையைக் கூடையிலிட்டு ஊற்று நீரில் வேகவைப்பது பிள்ளைகளுக்குப் பெருங்களிப்பு. முட்டை வேகும் நீரில் பிள்ளையின் கால் என்னவாகும்? 60 பாகைச் சூடுள்ள நீர் வளர்ந்தவர் தோலையே சில நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. ஆகவே நீர் ஊறும் வாயிலைச் சுற்றிய வேலியைத் தாண்டலாகாது. குளிப்பதற்கென அமைத்த தொட்டியாயினும், பெரியவர் ஒருவர் முதலில் கைவிட்டுப் பார்த்த பின்னரே பிள்ளையை இறக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து இளைப்பாறித் தண்ணீர் குடிப்பது நன்று. கர்ப்பிணிகளும், இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் கழுத்தளவு வெந்நீரில் அமர்தல் கூடாது. நீரிழிவால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. பாட்டியின் காலுக்குப் பேரனின் கையே அளவுகோல் ஆகட்டும். சுட்டுவிட்டால், உடனே குழாயின் குளிர்ந்த நீரை 20 நிமிடம் புண்ணின்மீது ஓடவிட வேண்டும். பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் தடவலாகாது.

இனி மலையோடைக்கு வருவோம். இங்கே நீர் குளிர்ச்சியானது. ஆபத்து வேறு வகையானது. மலாய்க்காரர்கள் அதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீரின் தலை என்று பொருள். உச்சியில் கனமழை பெய்யும்போது, அல்லது மேலே மரக்கட்டைகளும் குப்பையும் சேர்ந்து அடைத்திருந்த இடம் உடைபடும்போது, தேங்கிய நீர் முழுவதும் ஒரே சுவராகத் திரண்டு கீழே பாய்கிறது. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். ஒரு துளி மழையும் விழாதிருக்கலாம். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவின் குனோங் ஜெராய் மலையில் பெய்த பெருமழையால் அடிவாரத்து யான் வட்டாரத்தில் இத்தகைய வெள்ளம் கட்டைகளையும் பாறைகளையும் உருட்டி வந்து உயிர்களைப் பலிகொண்டது. புகழ்பெற்ற நீராடுமிடமான தித்தி ஹாயுன் அவ்வட்டாரத்தில்தான் உள்ளது.

மழையை அறிவதில் பால்மரம் வெட்டுவோருக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து வீணாகிவிடும். ஆதலால் விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்ப்பதே அவர்களுக்கு வழக்கம். அதே கண்ணை அன்று மலையுச்சியின் பக்கம் திருப்பினால் போதும். மேலே கருமேகம் கவிந்தால், இடி கேட்டால், தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓடையின் இரைச்சல் கூடினால், எடுத்து வைத்த பொருள்களைத் தேடிக்கொண்டிராமல் உடனே கரையேற வேண்டும். நீரோடும் திசையில் ஓடித் தப்ப முடியாது. பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். நடு ஆற்றுப் பாறையில் சோறு பரிமாறி உண்ணும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலையிலேயே சென்று, நண்பகல் உணவோடு திரும்பிவிடுதல் தக்கது. மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய மாதங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வானிலைத் துறையின் எச்சரிக்கையை 'மைகுவாச்சா' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். 'டிலாராங் மண்டி' என்ற பலகை இருந்தால், அங்கே குளிக்கத் தடை என்று பொருள். முன்பு யாருக்கோ ஏதோ நேர்ந்ததனால்தான் அப்பலகை அங்கே நிற்கிறது.

பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக எண்ணுவர். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே ஒருவர் மாற்றி ஒருவர் காவல் ஏற்க வேண்டும். காவலிருப்பவர் கைப்பேசியைத் தொடலாகாது. மது அருந்தியவர் நீருக்கும் காவலுக்கும் ஆகார். மூழ்குகிறவர் பெரும்பாலும் கூவுவதில்லை, ஓசையின்றியே அமிழ்ந்துவிடுவார். அதனைக் கண்டு நீந்தத் தெரியாத தந்தையோ அண்ணனோ பாய்ந்து இருவராக மாள்வதே நம் நாட்டில் திரும்பத் திரும்ப நிகழும் துயரம். கயிறு, நீண்ட கழி, மூடி இறுக்கிய காலி நெகிழித் தோம்பு ஆகியவற்றுள் ஒன்றைக் கரையிலிருந்தே எறிய வேண்டும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கி நீர் வடிக்க முயன்று நேரத்தை இழக்கலாகாது. மூச்சில்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சூதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 999க்கு அழைக்க வேண்டும்.

இன்னுமோர் ஆபத்து வீடு திரும்பிய பின் வெளிப்படுவது. எலியின் சிறுநீர் கலந்த ஆற்று நீரும் சேறும் உடலிலுள்ள கீறல்கள், கண், வாய் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சலைத் தரும். 2010இல் பகாங் மாநிலம் மாரானிலுள்ள லுபோக் யூவில், மூழ்கிய ஓர் இளைஞரைத் தேட நீரில் இறங்கியவர்களிடையே இந்நோயும் மெலியோய்டோசிஸ் என்னும் மற்றொரு தொற்றும் பரவி, சிலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் லெப்டோஸ்பைரோசிஸ், மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டது. வெட்டுக்கத்தி கீறிய விரலும் முள் குத்திய காலும் தோட்டத்தில் அரியன அல்ல. ஆறாத புண் உள்ளவர் ஆற்றில் இறங்காதிருப்பது நன்று; இறங்கியே ஆக வேண்டுமெனில் நீர் புகாத கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். மீந்த சோற்றையும் எலும்பையும் கரையில் எறிவது எலிகளை விருந்துக்கு அழைப்பதாகும். அவற்றைப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவர வேண்டும்.

நீராடிய பின் ஒரு மாத காலத்திற்குள், பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில், கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசைவலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாகாது. அரசு கிளினிக்குக்குச் சென்று, இன்ன நாளில் இன்ன ஆற்றில் குளித்தோம் என்று கேளாமலேயே சொல்ல வேண்டும். டெங்கியும் இதுவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றுவதால், அந்த ஒரு செய்திதான் மருத்துவருக்கு வழிகாட்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற மருந்துகளால் நோய் குணமாகும்.