வயதா குற்றம்? புகையா குற்றம்?

டில்லியிலே ஒரு விசித்திரமான தீர்ப்பு. 10 ஆண்டு நிரம்பிய டீசல் வண்டி அங்கே சாலையில் தலைகாட்டக் கூடாது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெட்ரோல் வண்டிக்கு மட்டும் 15 ஆண்டுத் தவணை!

கார் வைத்திருப்பவர் கவலை நமக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். மாளிகைவாசிக்கு இதில் கவலையே இல்லை. அவர் மூன்று நான்கு ஆண்டில் வண்டியை மாற்றிவிடுவார். அவர் கழித்த வண்டியை, சீட்டுப் பணமும் கடன் பணமும் சேர்த்து வாங்குகிறாரே ஒரு பட்டறைத் தொழிலாளி, தாயாரை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அதிலே அழைத்துப் போகிறாரே, அவர் தலையில்தான் இந்த இடி விழுகிறது.

டீசல் வண்டியை ஏன் வாங்கினார்? ஆளவந்தார்கள் காட்டிய வழி அது! 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். டீசலுக்கோ 2014 அக்டோபர் வரை கட்டுப்பாடு நீடித்தது. இரண்டுக்கும் இடையே விலை வேற்றுமை விரிந்தது. டீசல் கார்கள் குவிந்தன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காருக்கு 15 ஆண்டுப் பதிவும் கொடுத்தார்கள். கொடுத்த கையே 10ஆம் ஆண்டில் கழுத்தைப் பிடிப்பது என்ன நியாயம்?

புகைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012இலேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் தெருவோரத்தில் நின்று உழைக்கும் நம் தோழரே. ஆகவே புகை ஒழியத்தான் வேண்டும். ஆனால், புகையை அளக்கக் கருவி இருக்க, பஞ்சாங்கத்தைப் புரட்டுவானேன்?

பட்டறைத் தோழரைக் கேளுங்கள், சொல்லுவார். கரும்புகை வந்தால் காற்று பில்டர் அடைத்திருக்கும், அல்லது இஞ்செக்டர் கெட்டிருக்கும். நீலப்புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. காலத்தில் ஆயில் மாற்றி, பில்டர் மாற்றி, இஞ்செக்டரைச் சோதித்து ஓட்டும் பழைய வண்டி அடக்கமாக ஓடும். கவனிப்பாரற்ற வண்டி ஐந்தே ஆண்டில் கரி கக்கும்.

வண்டி எந்தத் தரத்தில் பிறந்தது என்பதும் முக்கியம். பாரத் நிலை 3 டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.05 கிராம் வரை துகள் கக்கலாம் என்பது விதி. 2010இல் டில்லிக்கு வந்த நிலை 4இல் அது 0.025 கிராம், சரிபாதி! 2020இல் வந்த நிலை 6இல் 0.0045 கிராம். 2009இல் வாங்கிய வண்டியும் 2012இல் வாங்கிய வண்டியும் ஒன்றல்ல. 10 ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்குப் பங்குகளில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்றார்கள். காமிரா வைத்து நம்பரைப் படித்தார்கள். மக்கள் கொதித்தார்கள், சில நாளிலேயே நிறுத்தினார்கள். வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை நிலை 4க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும் என்று வரையறுத்தது. வயதிலிருந்து தரத்துக்கு வந்தது வரவேற்கத் தக்கதே. ஆனால், நிலை 3 வண்டியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு நிற்பவருக்கு என்ன வழி?

நாம் கேட்பது மூன்று. புகையை நேர்மையாக அளந்து தீர்ப்புச் சொல்லுங்கள். வண்டியை ஒதுக்குவதானால் ஏழைக்கு நியாயமான ஈட்டுத்தொகை கொடுங்கள். அவர் ஏறிப் போகப் போதுமான பஸ் விடுங்கள்.

அதே 1988 சட்டத்தின் கீழ்தான் நம் ஊர் வண்டிகளும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே தோழர்கள் டில்லியைக் கவனிக்க வேண்டும். பழைய டீசல் வண்டி வைத்திருப்போர் இன்றே அதைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லட்டும். நம் வண்டி கரி கக்கினால், நம் வாதமும் கரியாகிவிடும்!