உடற்பருமனும் உள்ளச்சோர்வும்

உடலும் உள்ளமும் பாவும் ஊடையும் போன்றவை. ஒன்றில் இழை தளர்ந்தால் துணி முழுவதும் கெடும் என்பதை நெசவாளராகிய நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் பருத்த தேகமுடையோரைக் காணுங்கால் இவ்வுண்மையை மறந்து, "தின்று கொழுத்தவர்" என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இது நியாயமன்று.

கள்ளிக்குப்பத்தையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர்ப் பகுதி ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. 1964-இல் தொழிற்பேட்டை அமைந்தது; 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. வரப்பில் நடந்த கால்கள் இன்று பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் செல்கின்றன. குழித்தறியில் மிதித்த கால்கள் நாற்காலியின் கீழ் ஓய்ந்திருக்கின்றன. உழைப்புக் குறைந்தது, சோற்றின் அளவோ குறையவில்லை.

இதன் விளைவை எண்கள் காட்டுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதத்தினர் மிகை எடை உடையோராயிருந்தனர். 2019-21-இல் அது 40.4 சதவிகிதமாயிற்று. ஆண்களிடையே 28.2 என்பது 37 ஆக உயர்ந்தது.

உள்ளத்தின் நிலை யாது? சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 15.1 சதவிகிதத்தினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. குறைந்த வருவாயுடையோரிடம் அது 19.3 சதவிகிதம், மிகுந்த வருவாயுடையோரிடம் 5.9 மட்டுமே. மனச்சோர்வு செல்வர்க்கு வரும் நோய் என்ற எண்ணம் இதனால் பொய்யாகிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு இருவழிப் பாதையாகும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த கட்டுரையின்படி, உடற்பருமன் உடையோர்க்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவிகிதம் மிகுதி. மனச்சோர்வு உடையோர்க்கு உடற்பருமன் வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் மிகுதி.

காரணங்கள் பல. மனம் சோர்ந்தவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார், உறக்கம் கெடுகிறது, இனிப்பிலும் பொரித்த பண்டங்களிலும் சிறிது நேர ஆறுதல் தேடுகிறார். பருத்தவரோ ஊராரின் ஏளனத்துக்கு அஞ்சி வெளியே வராமல் ஒடுங்குகிறார். ஒடுங்கியதால் மேலும் பருக்கிறார். மனநோய்க்கு அளிக்கப்படும் சில மருந்துகளும் எடையைக் கூட்டுவதுண்டு. அதற்காக மருந்தைத் தாமே நிறுத்துவது பேராபத்து. வைத்தியரிடம் கூறினால் அவர் தக்க மாற்றுவழி காண்பார்.

நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, அளவறிதல். துணி அளக்கும் நாடாவே போதும். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மீறுமாயின் வைத்தியரை அணுக வேண்டும். இரண்டாவது, உணவு. சோற்றைச் சிறிது குறைத்துக் கீரை, காய், பயறு ஆகியவற்றைக் கூட்டுக. விளைவிக்கும் அங்கத்தினர் சந்தைக்கு அனுப்புமுன் தம் வீட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவாராக. மூன்றாவது, நடை. தனியே நடக்கக் கூசுவோர் நால்வராகச் சேர்ந்து நடந்தால் உடலுக்கும் நன்மை. பேச்சுத் துணையால் உள்ளத்துக்கும் நன்மை.

இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மையும், உறக்கக் கேடும், வாழ்வில் வெறுப்பும் நீடித்தால் தாமதியாது உதவி நாட வேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்களிலும் தறிக்கூடங்களிலும் உடலைக் குறித்த பட்டப்பெயர்களை இன்றோடு ஒழிப்போம். வேடிக்கையாகச் சொல்லும் ஒரு சொல், ஒரு சகோதரியைப் பொதுக்குழுவுக்கே வராமல் தடுத்துவிடக் கூடும். கடனிலும் விற்பனையிலும் ஒருவர்க்கொருவர் தோள் கொடுப்பதே கூட்டுறவு என்று கற்ற நாம், நோயிலும் சோர்விலும் அவ்வாறே தோள் கொடுப்போமாக.