சச்சிதானந்தமும் மூவொரு இறைவனும்: சாந்திவன நிறுவுநர் இருவரின் அணுகுமுறை

முன்னுரை

‘சமயம் வேண்டா, ஆன்மிகம் போதும்’ என்னும் மனநிலை இக்காலத்தில் பரவலாகக் காணப்படுகிறது. கோட்பாட்டை விலக்கி அனுபவத்தை மட்டும் நாடும் இப்போக்கு, மரபுவழிக் கிறித்தவ நம்பிக்கையோடு எவ்விடத்தில் இணைகிறது, எவ்விடத்தில் முரண்படுகிறது என்பதைக் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கோலமும் பெயரும்

பிரான்சிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருக்களான ஜூல்ஸ் மொன்ஷானன், ஆன்றி லெ சோ ஆகிய இருவரும் 1950இல் காவிரிக்கரையில் இவ்வாசிரமத்தை நிறுவினர். காவியுடையும் புலால் மறுத்தலும் தியானமும் அவர்தம் வாழ்வாயின. லெ சோ ‘அபிஷிக்தானந்தர்’ எனப் பெயர் பூண்டார். ஆசிரமத்திற்குச் ‘சச்சிதானந்தம்’ என்று பெயரிட்டனர். சத்து தந்தையையும், சித்து மகனையும், ஆனந்தம் தூய ஆவியையும் குறிக்கும் என்பது இதன் விளக்கம். வங்காளத்துப் பிரம்மபாந்தவ உபாத்தியாயர் (1861–1907) இவ்விணைப்பை முன்னரே கையாண்டுள்ளார்.

அனுபவமும் கோட்பாடும்

கோலத்தில் ஒன்றுபட்ட இருவரும் கோட்பாட்டில் வேறுபட்டனர். 1949இல் திருவண்ணாமலையில் ரமணரைக் கண்ட அபிஷிக்தானந்தர், பின்னர் அருணாசலக் குகைகளில் தங்கித் தியானித்தார். ‘நான்’, ‘நீ’ என்னும் வேறுபாடு மறையும் அத்துவித அனுபவம் அவரை ஆழமாக ஈர்த்தது. அத்துவிதமும் மூவொரு இறைவன் கோட்பாடும் பொருந்துமா என்பதில் மொன்ஷானனுக்கு ஐயம் நீடித்தது. கிறித்தவ மரபில் இறைவன் தம்முள்ளேயே உறவாக இருப்பவர். உறவு கரைந்துவிடின் அன்புக்கு இடமில்லை. மொன்ஷானன் 1957இல் மறைந்தார். அபிஷிக்தானந்தரோ 1973இல் தாம் இறக்கும்வரை அத்துவிதத்தையும் கைவிடவில்லை; கிறித்துவையும் கைவிடவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அவர் பட்ட துன்பத்தை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன.

வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் கிறித்தவத் தியானம் குறித்து வெளியிட்ட மடலும் இதே சிக்கலைத் தொடுகிறது. பிற சமயத் தியான முறைகளை அம்மடல் முற்றாக விலக்கவில்லை. ஆயினும் இறைவேண்டல் இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உரையாடலாக நிலைக்க வேண்டும் என்கிறது.

முடிவுரை

எனவே தியான முறைகளில் இணக்கம் எளிது. இறைவனை முன்னிலையில் விளிக்க இயலுமா என்னும் வினாவிலேயே முரண் எழுகிறது. தமிழ்ப் பக்தி இலக்கியமும் இறைவனை முன்னிலையில் விளித்துப் பாடுவதால், இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. இக்கால ஆன்மிகம் பெரும்பாலும் இதனை எழுப்பாமலே கடந்து செல்கிறது. மன அமைதி மட்டும் நாடுவோர்க்கு இது சொல் வேறுபாடாகவே தோன்றலாம். மன்னிப்புக் கேட்பவர்க்கும் இறந்தோர்க்காக மன்றாடுபவர்க்குமோ, கேட்டருள ஒருவர் உண்டா என்பதே முதன்மையான வினாவாகும்.